மறு: கலைச்சொல் உதவி – ‘டிஸ்போசல் வெல்’லைக் கிணறு என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

‘டிஸ்போசல் வெல்’, அதாவது திரவக் கழிவை நிலத்தடிப் பாறைக்குள் தள்ளும் கிணறு. இதற்குத் தமிழில் நான் கேட்டது ஒரு சொல், வந்தது ஆறு. கழிவுக் கிணறு, கழிவகற்றுக் கிணறு, உட்செலுத்துக் கிணறு, புதைகிணறு, ஊசிக் கிணறு, கழிவுநீர் ஆழ்குழாய். போதாக்குறைக்கு, ‘டிஸ்போசல் வெல் என்றே எழுதிவிட்டுப் போங்களேன்’ என்று ஒரு தனிமடல். எல்லோருக்கும் நன்றி. இந்தச் சொல் எந்த இடத்தில் வருகிறது என்று முதல் மடலில் சொல்லாமல் விட்டது என் தப்பு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில். டெட்ராய்ட் விமான நிலையம் ரோமுலஸ் என்ற ஊரில் இருக்கிறது. அதே ஊரில் தொழிற்சாலைகளின் ஆபத்தான திரவக் கழிவை முக்கால் மைலுக்கும் கீழே, பாறைக்குள் தள்ளும் கிணறுகள் போடப்பட்டன. ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். இப்படி ஒரு கிணற்றுக்கு அரசு எப்படி அனுமதி தருகிறது என்று இங்குள்ள நம்மவர்களுக்காக நாலு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.

காரணம், மிச்சிகன் சட்டத்தில் கழிவுக்கான இந்தக் கிணற்றுக்குப் பெயர் ‘மினரல் வெல்’. 1969-இல் வந்த சட்டம். இப்போது 1994-ஆம் ஆண்டின் இயற்கை வள, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 625-ஆம் பகுதியாக இருக்கிறது. உப்புநீர் எடுக்கும் கிணறு, பாறையைச் சோதித்துப் பார்க்கும் கிணறு, நிலத்தடிச் சேமிப்புக் கிணறு, கழிவை உள்ளே விடும் கிணறு எல்லாம் அந்த ஒரே குடையின் கீழ். இந்த மாநிலத்துக்கு அடியில் உப்புப் பாறையும், கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பேறிய நீரும் கிடக்கின்றன. 1890-களில் மிட்லண்ட் என்ற ஊரில் ஹெர்பர்ட் டவ் என்ற வேதியியல் தொழிலதிபர் அந்த நீரிலிருந்து புரோமின் என்ற வேதிப்பொருளைப் பிரித்துத்தான் தொழிலைத் தொடங்கினார். கிணறு என்றால் கனிமம் எடுப்பது என்று பழகிப்போன ஊர். அதனால் கழிவை உள்ளே விடும் கிணறும் கனிமக் கணக்கிலேயே ஏறிவிட்டது போலிருக்கிறது.

இதை ‘கனிமக் கிணறு’ என்று எழுதினால் படிப்பவர் குழம்ப மாட்டாரா என்று ஒருவர் கேட்டிருந்தார். கொஞ்சம் குழம்புவார்தான். ஆனால் நம்மூரில் சவுடு மண்கூடச் சட்டப்படி சிறு கனிமம்தானே? சட்டத்தின் கனிமம் வேறு, நிலவியலாளரின் கனிமம் வேறு. ‘கனிமக் கிணறு’ இருக்கட்டும். சண்டை மற்றதில்தான்.

> டிஸ்போசல் என்றால் அகற்றல். கழிவகற்றுக் கிணறு என்றால் முடிந்தது.

இதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. நகராட்சி வண்டி வந்து குப்பையை அகற்றுகிறது என்றால், என் தெருவில் இருந்தது இப்போது இல்லை என்று பொருள். இங்கே கழிவு எங்கும் போகவில்லை, காலுக்குக் கீழே இருக்கிறது. அமெரிக்க விதியே அப்படித்தான் பார்க்கிறது. ஆபத்தான கழிவு என்றால், 10,000 ஆண்டுகளுக்கு அது அந்தப் பாறை அடுக்கைவிட்டு வெளியேறாது, அல்லது வெளியேறுவதற்குள் அதன் நச்சுத்தன்மை போய்விடும் என்று விண்ணப்பதாரர் கணக்குப்போட்டுக் காட்ட வேண்டும். நம் சங்க காலத்துக்கே இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுதான் வயது. அவ்வளவு காலம் ஒரே இடத்தில் இருக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்ட பொருளை ‘அகற்றியது’ என்று சொல்ல எனக்குக் கை வரவில்லை.

> கழிவுக் கிணறு என்றே எளிமையாக வைக்கலாமே.

எளிமைதான். ஆனால் வீட்டில் கேட்டுப் பார்த்தேன். அம்மா தொலைபேசியில் சொன்ன பதில்: ‘செப்டிக் டேங்க் தானே?’ அதோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

> புதைகிணறு: சுருக்கம், வினைத்தொகை, காதுக்கும் இனிமை.

இனிமைதான். ஆனால் புதைத்தது புதைத்த இடத்தில் சும்மா கிடக்கும். இது கிடக்காது. டென்வர் அருகே, ராக்கி மவுண்டன் ஆர்சனல் என்ற இராணுவ வேதியியல் ஆலையில், 12,045 அடி ஆழத்துக்கு ஒரு கிணறு துளைத்து 1962-இல் கழிவுநீரை உள்ளே விட ஆரம்பித்தார்கள். அதே ஆண்டில் அந்த வட்டாரத்தில் நில அதிர்வுகள் தொடங்கின. 1966-இல் நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும், 1967-இல் அதுவரை வந்ததைவிடப் பெரிய அதிர்வுகள் வந்தன. உள்ளே போன நீரின் அழுத்தம் பாறை விரிசல்கள் வழியாகப் பரவிக்கொண்டே இருந்ததுதான் காரணம். ‘புதை’ என்ற சொல்லுக்குள் இந்த அழுத்தம் அடங்காது. அனுமதிப் பத்திரத்தின் உயிர்நாடியே அழுத்தம்தான்: பாறையில் புது விரிசல் உண்டாக்கும் அளவுக்கு அழுத்தக் கூடாது என்று விதியே இருக்கிறது.

ஊசிக் கிணறு பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. சிரித்தேன், அவ்வளவுதான்.

ஆக எனக்குப் பிடித்தது ‘உட்செலுத்து’. ஆனால் நடுவில் ‘க்’ வேண்டாம். ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை, வல்லினம் மிகாது. உட்செலுத்துகிணறு. ‘இன்ஜெக்‌ஷன் வெல்’லுக்கு இது பொதுப்பெயர். ‘டிஸ்போசல் வெல்’ என்று தனியாகக் காட்ட வேண்டிய இடத்தில் ‘கழிவு உட்செலுத்துகிணறு’. நீளம்தான். சட்டத்தில் நீளம் குற்றமில்லை.

இனி ‘பெர்மிட்’. இதற்கு மூன்று பேர் மூன்று சொல் தந்தீர்கள்: உரிமம், அனுமதி, இசைவாணை. மூன்றுமே நம் அரசு அலுவலகங்களில் புழங்குபவை, ஆளுக்கொரு வேலையோடு. லைசென்ஸ் உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தருவது இசைவாணை, மணல் லாரிக்காரர் கையில் இருப்பது நடைச்சீட்டு. இங்கே வேண்டியது ஒரு குறிப்பிட்ட கிணற்றுக்கு, குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்துக்குத் தருவது. உரிமம் என்றால் தொழில் செய்யும் உரிமை போல் ஒலிக்கிறது. அனுமதி போதும்.

ஆனால் ஒரு அனுமதி இல்லை, இரண்டு. துளைப்பதற்கு மிச்சிகன் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் அனுமதி. உள்ளே செலுத்துவதற்குக் கூட்டாட்சி அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அனுமதி; அது சிகாகோ வட்டார அலுவலகத்திலிருந்து வரும். ஒன்று கையில் இருந்து மற்றது இல்லாவிட்டால் கிணறு வெறும் படம்தான். அதனால் ‘துளையிடல் அனுமதி’, ‘உட்செலுத்தல் அனுமதி’ என்று இரண்டையும் பிரித்தே எழுதப் போகிறேன். இரண்டாவதன் வேர் 1974-ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம். தொழிற்சாலைக் கழிவுக்கான கிணறு என்றால் அந்த அனுமதியின் ஆயுள் அதிகபட்சம் 10 ஆண்டு. வரைவு அனுமதியை வெளியிட்டுப் பொதுமக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். இதற்கு நம்மிடம் தயாராகவே நல்ல சொல் இருக்கிறது: கருத்துக்கேட்பு. புதிதாக எதுவும் தேட வேண்டாம்.

உட்செலுத்துகிணறுகளில் ‘கிளாஸ் ஒன்’, ‘கிளாஸ் டூ’ என்று ஆறு வகை இருக்கின்றன. தயவுசெய்து ‘முதல் வகுப்புக் கிணறு’ என்று எழுதாதீர்கள், ரயில் பெட்டி ஞாபகம் வருகிறது. 1-ஆம் வகை, 2-ஆம் வகை. சரி.

> மெக்கானிக்கல் இன்டெக்ரிட்டி டெஸ்ட் – இயந்திர ஒருமைப்பாட்டுச் சோதனை.

ஐயா கோபிக்கக் கூடாது. இதைப் படித்ததும் கிணறு கொடியேற்றி உறுதிமொழி எடுப்பது போலத் தோன்றியது. இந்தச் சோதனையில் உண்மையில் நடப்பது இதுதான். துளைக்குள் உறைக்குழாய். அதற்கும் பாறைக்கும் நடுவே சிமென்ட். உறைக்குழாய்க்குள் இன்னொரு மெல்லிய குழாய். கழிவு அதன் வழியாகத்தான் இறங்கும். இரண்டு குழாய்களுக்கும் நடுவே வளையம் போல ஒரு இடைவெளி. அதன் அடிவாயை அடைப்பான் மூடியிருக்கும். அந்த இடைவெளியில் ஒரு திரவத்தை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, மேலே மானியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முள் இறங்கினால் எங்கோ ஓட்டை. அடுத்து, சிமென்டுக்கு வெளிப்பக்கமாக நீர் மேலேறிக் குடிநீர் அடுக்குக்குப் போகிறதா என்பதை வேறு முறைகளில் பார்ப்பார்கள். இரண்டு கேள்வியும் ஒன்றுதான்: கசிகிறதா, இல்லையா? எனவே கசிவின்மைச் சோதனை. பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை; ஆபத்தான கழிவுக்கான கிணறு என்றால் அழுத்தச் சோதனை ஆண்டுதோறும்.

‘கேசிங்’குக்கு உறைக்குழாய் என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். உறைகிணற்றில் இருக்கிற அதே உறை. சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும் சொல். ‘பிளக்கிங் அண்ட் அபாண்டன்மென்ட்’. நீங்கள் தந்த சொற்பட்டியலில் இதற்கு ‘அடைத்தலும் கைவிடலும்’ என்று போட்டிருக்கிறீர்கள். இங்கே அபாண்டன்மென்ட் என்பது கிணற்றுக்குள் சிமென்ட் அடைப்புகள் இறக்கி, முறைப்படி மூடி, அறிக்கை கொடுத்து முடிப்பது. அந்தச் செலவுக்காகத்தான் அனுமதி தரும்போதே பிணைத்தொகை வாங்கிக்கொள்கிறார்கள். தமிழில் ‘கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு’ என்றால் என்ன? திறந்து கிடப்பது. குழந்தை விழுந்த செய்தியோடுதான் அந்தத் தொடரை நாம் படித்திருக்கிறோம். ஒரே சொல்லை வைத்து நேரெதிர்ப் பொருளைச் சொல்லப் பார்க்கிறோம். ‘கைவிடல்’ கூடவே கூடாது. அடைத்து மூடல் போதும்.

ஒன்றே ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு குழாய்க்கும் நடுவில் இருக்கும் அந்த ‘ஆனுலஸ்’. ‘வளையிடைவெளி’ என்று எழுதி, நானே வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. யாராவது உதவுங்கள்.

*

மறு: மறு: கலைச்சொல் உதவி – ‘டிஸ்போசல் வெல்’

அண்ணா, வணக்கம்.

நான் திருச்செங்கோட்டுக்காரி. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு, ஆழ்துளைக் கிணறு போடும் ‘போர்’ வண்டிப் பேச்சுதான். இங்கிருந்து போகாத மாநிலம் இல்லை. மாமா இருபது ஆண்டு வண்டியோடு போனவர். அவரிடம் உங்கள் மடலைப் படித்துக் காட்டினேன்.

கழிவை உள்ளே விடும் கிணறு என்றதும் அவர் சொன்னது: ‘நாம இறைக்கிறதுக்குப் போடுறோம், அவங்க இறக்குறதுக்குப் போடுறாங்களா?’ எனக்கு அங்கேயே சொல் கிடைத்துவிட்டது: இறக்குகிணறு. இறைகிணறு, இறக்குகிணறு. கேசிங் இறக்குவது, லோடு இறக்குவது என்று தினமும் சொல்கிற சொல்தான். கழிவை லாரியிலிருந்து இறக்குவதும் அதுவே.

ஆனுலஸ் படத்தை வரைந்து காட்டினேன். ‘அது கேப்புதான்’ என்றார். நம் போரில் உள்ளே இரண்டாவது குழாய் வைத்து அழுத்தம் பார்க்கும் வேலை இல்லை, அதனால் அதற்குத் தனிப் பெயரும் இல்லை. ‘குழாயிடை’ என்று வைக்கலாமா?

*

மறு: மறு: மறு: கலைச்சொல் உதவி – ‘டிஸ்போசல் வெல்’

தங்கை, மாமாவுக்கு என் வணக்கம்.

குழாயிடை, எடுத்துக்கொண்டேன். மூன்று முறை சொல்லிப் பார்த்தேன், நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

இறக்குகிணறு என்னை இரண்டு நாளாகத் தூங்க விடவில்லை. சொல் அழகு, பொருளும் சட்டென்று விழுகிறது. ஒரே குறை: இறக்குவது தன் எடையில் தானே இறங்குவது போல ஒலிக்கிறது. அழுத்தம் கொடுத்துத் தள்ளுகிறோம் என்பது அதில் இல்லை. டென்வர் கதையைச் சொன்ன வாயால் அதை விட்டுக்கொடுக்க முடியவில்லை. அதனால் இப்படிச் செய்கிறேன்: சட்டப் பகுதிக்கு உட்செலுத்துகிணறு, விளக்கத்தின் தலைப்பிலும் முதல் பத்தியிலும் ‘கழிவை இறக்கும் கிணறு’. படிப்பவர் தலைப்பில் புரிந்துகொண்டு உள்ளே வரட்டும்.

பட்டியலில் மிச்சம் இரண்டு. கழிவை ஏற்கும் அடுக்கு. இந்த வட்டாரத்தில் அது பெரும்பாலும் மவுண்ட் சைமன் மணற்கல். அதற்கு மேலே அது கசியாமல் மூடிக்கொண்டிருக்கும் அடுக்கு. நான் ‘ஏற்படுக்கு’, ‘தடுப்படுக்கு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். முதலாவதை ‘ஏற்படு’ என்று வாசித்துவிடுவார்களோ என்று ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.