அனந்தமைடு குறைந்தால் கஞ்சா ஈடுசெய்யுமா?

கேள்வி:
நீடித்த மன அழுத்தத்தில், மூளை தானே உருவாக்கும் கஞ்சா போன்ற வேதிப்பொருளான அனந்தமைடு குறைவதாகவும், அதனால் பதற்றம் கூடுவதாகவும் படித்தேன். அப்படியானால், அதே ஏற்பிகளில் (நரம்பணுக்களில் அது பிணையும் இடங்களில்) செயல்படும் கஞ்சா அந்தக் குறையை நிரப்பும் என்பது சரியா? பேரதிர்ச்சிக்குப் பின் உறக்கமின்றித் தவிக்கும் உறவினர் ஒருவர் இதை நம்பத் தொடங்கியிருப்பதால் கேட்கிறேன்.

மறுமொழி 1:
முதல் பாதிக்கு விலங்காய்வுகளில் நல்ல சான்று உண்டு. அழுத்தத்தின்போது வெளிப்படும் சிஆர்எச் என்ற இயக்குநீர், அச்சத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டாலாவில் எஃப்ஏஏஎச் நொதியைத் தூண்ட, அது அனந்தமைடைச் சிதைக்கிறது.

இரண்டாம் பாதிதான் தவறு. நரம்பணுக்கள் அனந்தமைடு, அதைப் போன்ற 2-ஏஜி ஆகியவற்றைத் தேவைப்படும் கணத்தில், தேவைப்படும் இணைப்பிலேயே உருவாக்குகின்றன. அவை செய்தி அனுப்பிய நரம்பணுவுக்கே திரும்பிச் சென்று அதன் சுரப்பைத் தணித்துவிட்டு, விரைவில் சிதைந்துவிடுகின்றன. கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சியோ இடமும் நேரமும் பாராமல், இவை செயல்படும் சிபி1 எனும் ஏற்பிகளை மூளையெங்கும் மணிக்கணக்கில் தூண்டுகிறது. குறைந்த அளவில் பதற்றத்தைத் தணிக்கும் அதே பொருள், அளவு கூடும்போது பதற்றத்தை உண்டாக்குகிறது. நாள்தோறும் எடுத்துக்கொண்டால் சிபி1 ஏற்பிகளே குறைந்துபோகின்றன. நிறுத்திய பின் சில வாரங்களில் அவை மீண்டாலும், இடைப்பட்ட நாள்களில் உறக்கமின்மையும் எரிச்சலும் கொடுங்கனவுகளும் வருகின்றன. உங்கள் உறவினர் எதிலிருந்து விடுபட விரும்புகிறாரோ, அதுவே திரும்பிவரும் என்பதுதான் என் கவலை.

மறுமொழி 2:
அனந்தமைடும் சிபி1 ஏற்பிகளும் சேர்ந்த இந்த அமைப்பு மனநலத்துக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை ரிமோனபான்ட் என்ற மருந்து காட்டியது. சிபி1 ஏற்பியைத் தடுக்கும் அம்மருந்துக்கு 2006-இல் ஐரோப்பாவில் உடற்பருமன் சிகிச்சைக்காக அனுமதி கிடைத்தது. மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் ஆகியவை தெரியவந்ததால் 2008-இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

2002-இல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்றும் இங்கே பொருந்தும். ஓர் ஒலியோடு மின்னதிர்ச்சி தந்து பழக்கிய எலிகளுக்குப் பின்னர் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால், இயல்பான எலிகளின் அச்சம் படிப்படியாகத் தணிகிறது. சிபி1 இல்லாத எலிகளோ நெடுநேரம் உறைந்தே நிற்கின்றன. ஆகவேதான் எஃப்ஏஏஎச்சைத் தடுத்து, உடலின் சொந்த அனந்தமைடைக் காக்கும் மருந்துகளை ஆய்வாளர்கள் சோதித்துவருகின்றனர்.

கேட்டவர்:
நன்றி. அவரிடம் இப்போது என்ன சொல்லலாம்?

மறுமொழி 1:
பேரதிர்ச்சியை மையமாகக் கொண்ட உளச்சிகிச்சைக்கு உறுதியான சான்றுகள் உள்ளன. மனநல மருத்துவரிடம் அதைக் கேட்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கஞ்சா எடுத்திருந்தால், அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லட்டும்.