‘அப்’ ஆவணப்படத் தொடரை வரிசையாகப் பார்க்க வேண்டுமா?

கேள்வி:
இங்கிலாந்தின் வர்க்க வேறுபாடுகளைப் பற்றிப் படித்துவரும் எனக்கு, 1964இல் கிரனாடா தொலைக்காட்சி ஏழு வயதுப் பிள்ளைகள் 14 பேரைக் கொண்டு தொடங்கிய ‘அப்’ ஆவணப்படத் தொடரைப் பார்க்குமாறு ஆசிரியர் ஒருவர் பரிந்துரைத்தார். முதல் படத்திலிருந்தே தொடங்க வேண்டுமா? ஒரு நாட்டின் மாற்றத்தை 14 பேரின் வாழ்க்கை காட்டிவிடுமா?

பதில் 1:
வரிசையாகவே பாருங்கள். ஏழாண்டுக்கு ஒருமுறை அதே மனிதர்களைத் தேடிச் செல்வதுதான் இத்தொடரின் உயிர். குதிரைப் பந்தய வீரனாக வேண்டும் என்று சொன்ன கிழக்கு லண்டன் சிறுவன் பின்னர் டாக்சி ஓட்டுநராகிறார். யார்க்‌ஷயர் பண்ணைச் சிறுவன் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகிறார். ஆனால், தாம் சேரப்போகும் பள்ளியையும் கல்லூரியையும் ஏழு வயதிலேயே பெயர் சொல்லி அடுக்கிய வசதியான வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தப் பாதையிலேயே சென்றதைக் காணும்போது மனம் கனக்கிறது.

பதில் 2:
உடன்படுகிறேன். எனினும், அந்த 14 பேரில் நால்வர் மட்டுமே சிறுமியர். பெண்களின் வேலையும் குடும்ப வாழ்வும் பெரிதும் மாறிய காலத்தில் இது பெருங்குறை என்பதை, 1970 முதல் தொடரை இயக்கிய மைக்கேல் ஆப்டெட் அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர்களின் 49ஆம் வயதில் எடுத்த ‘49 அப்’ படத்தில் பங்கேற்பாளரான பெண்மணி ஒருவர், தம்மைப் பற்றிய ஆப்டெட்டின் கேள்விகளையும் கணிப்புகளையும் நேருக்கு நேர் தட்டிக் கேட்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். என்னைப் பொறுத்தவரை தொடரின் மிக நேர்மையான பகுதி அதுதான்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. முதல் படத்தில் தொடங்கி, 2019இல் வெளியான ‘63 அப்’ வரை வரிசையாகவே பார்க்கிறேன்.