நம்ம வீட்டார் குழு: சிட்டுவை யார் வைத்துக்கொள்வது?

கௌரி அக்கா: சுமதி வளைகாப்புக்குக் கும்பகோணம் போய் வரும்வரை சிட்டுவை யாராவது வைத்துக்கொள்ள வேண்டும். சூரியகாந்தி விதையை மட்டுமே பொறுக்கித் தின்று கொழுப்பு ஏறிவிட்டது, விட்டமின் ஏ போதவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்

முரளி சித்தப்பா: கிளிதானே, கொய்யாப்பழம் போடு

விக்கி: பச்சைக்கிளியை வளர்க்கவே கூடாது சித்தப்பா, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். இது காக்கடீல், ஆஸ்திரேலியக் கிளி

மணி பெரியப்பா: பட்டினி போடுங்கள். பசித்தால் தானாகத் தின்னும். எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள்

ராஜி அத்தை: உங்களையா? முதல் தோசை என்றைக்கும் உங்களுக்குத்தானே அண்ணா

கௌரி அக்கா: பட்டினி மட்டும் வேண்டாம் பெரியப்பா. இது நூறு கிராம் சுமாருள்ள உயிர், ஒரு நாள் தின்னாவிட்டாலே சோர்ந்துபோகும், புதிதாக வைப்பது சாப்பாடு என்றே அதற்குத் தெரியாது, அதனால் விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து தினை, கம்பு, பெல்லட் (கடையில் விற்கும் பறவைத் தீவன உருண்டை) கலக்க வேண்டும். கிண்ணம் நிறைய இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், மேலே கிடப்பது உமி, ஊதிப் பாருங்கள். காலையில் முதலில் ஈரமான முருங்கைக்கீரைக் கொத்தைக் கம்பியில் கட்டுங்கள், அதில் உடம்பைத் தேய்த்துக் குளித்துவிட்டு அப்புறம்தான் நுனியைக் கடிப்பான். கேரட்டைத் துருவி, நாமும் எதிரில் உட்கார்ந்து தின்ன வேண்டும். தினமும் எடை பாருங்கள், பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே டாக்டர்

முரளி சித்தப்பா: வேன் காலை 5 மணிக்கு. முன் சீட் எனக்கு

விக்கி: போன தடவையும் நீங்கள்தான்

லலிதா பெரியம்மா: எனக்கு வாந்தி வரும், முன் சீட் எனக்கு

ராஜி அத்தை: சிட்டு என்னிடம் இருக்கட்டும். எனக்குத்தான் பத்திரிகை வரவில்லையே, வீட்டில்தான் இருப்பேன்

முரளி சித்தப்பா: போனில் சொன்னேனே அக்கா

ராஜி அத்தை: போனில்தான் சொன்னாய்

விக்கி: பாட்டி சொல்லச் சொன்னார்: கம்பை முளைகட்டிப் போடு

கௌரி அக்கா: நல்லது பாட்டி. முளை விட்டதும் நன்றாக அலசி உடனே வைக்க வேண்டும், வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும். கணவாய் ஓடும் கூண்டில் இருக்கட்டும், சுண்ணாம்புச் சத்துக்கு. அத்தை, உங்கள் வீட்டில் நான்ஸ்டிக் தவாதானே? அது காய்ந்து புகைந்தால் பறவை செத்துவிடும்

ராஜி அத்தை: அம்மாவின் இரும்புக் கல் இருந்தால் நான் ஏன் நான்ஸ்டிக் வாங்குகிறேன். அது யார் வீட்டில் இருக்கிறதோ

லலிதா பெரியம்மா: எங்கள் வீட்டில்தான். கேட்டால் தரமாட்டேனா

மணி பெரியப்பா: கிளி இங்கேயே இருக்கட்டும். நான் மாலையில் காராசேவு தின்னும்போது அதுவும்

கௌரி அக்கா: ஐயோ பெரியப்பா, உப்பு, சாக்லேட், வெங்காயம், அவகாடோ எதுவும் ஆகாது

முரளி சித்தப்பா: ராஜி அக்கா, நாளை பத்திரிகையோடு நேரில் வருகிறேன்

ராஜி அத்தை: வா, பார்ப்போம்

விக்கி: அத்தையும் வந்தால் சிட்டு யாரிடம்?

கௌரி அக்கா: பெரியப்பாவா அத்தையா என்று நாளை மாலைக்குள் சொல்லுங்கள். தினையும் கீரையும் நானே கொண்டு வருகிறேன்

முரளி சித்தப்பா: வேன் 4.30