நூலகத்தில் இலவசத் தொழில்நுட்ப வகுப்பு: மூணாவது வாரமே மூணு பேர்தான்!

அலமாரிக்காரி:
பொது நூலகத்துல வேலை பார்க்கறேன். 13 முதல் 17 வயசுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மதியம் இலவசமா ஸ்கிராட்ச் (கட்டளைக் கட்டங்களை அடுக்கி கேம், அனிமேஷன் செய்யற புரோகிராமிங்), 3டி பிரிண்டிங் சொல்லித்தர ஆரம்பிச்சோம். முதல் வாரம் 14 பேர், அடுத்தது 8. போன வாரம் மூணே பேர், அதுலயும் ஒருத்தன் போனுக்கு சார்ஜ் போட வந்தவன். பாடத்திட்டம் நானே ராத்திரி முழிச்சு எழுதினது. அதனால வருத்தம் கொஞ்சம் கூடுதல். 6 கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அவ்வளவுதான் இருக்கு. எங்கே தப்பு?

பழையஒயர்:
பாடத்திட்டம்னு எழுதியிருக்கீங்களே, அங்கேதான். வாரம் முழுக்க பெஞ்சுல உக்காந்தவன் சனிக்கிழமையும் எதுக்கு உக்காரணும்? நானும் இதே குழியில விழுந்தவன்தாங்க. ஸ்கிராட்ச் 8 முதல் 16 வயசுக்குன்னுதான் சொல்றாங்க. ஆனா எங்ககிட்ட வந்த 15 வயசுக்காரன் ஸ்கிராட்ச் திரையில வர்ற பூனைப் பொம்மையைப் பார்த்ததும் "இது என் தங்கச்சிக்கு"ன்னு எழுந்து போயிட்டான்.

பிரிண்டரை நம்பி ஒரு வகுப்பை ஓட்ட முடியாது. ஒரு சாவிக்கொத்து வில்லைக்கே முக்கால் மணி நேரம் பிடிக்கும், மத்தவங்க சும்மா நிப்பாங்க. டின்கர்கேட்ல (3டி உருவம் வரையற இணையதளம்) வரைஞ்சு வச்சுட்டுப் போகட்டும், வார நாள்ல நீங்க அச்செடுத்து வைங்க. அதை வாங்கவாவது அடுத்த சனிக்கிழமை வருவாங்க.

எங்களுக்குக் கை கொடுத்தது ஒலிப்பதிவு. ஒரு இரவல் யூஎஸ்பி மைக், ஆடாசிட்டிங்கற இலவச ஒலிப்பதிவு மென்பொருள். இடம், பழைய பத்திரிகை அடுக்கி வச்ச அறை. சுவர் முழுக்கக் காகிதம்கிறதால எதிரொலியே இல்லை! ராப் பாட ஒருத்தன் வந்தான், பீட் போட ஒருத்தி வந்தா, அட்டைப்படம் வரையறேன்னு இன்னொருத்தி கிரிட்டாங்கற ஓவிய மென்பொருளைத் திறந்தா. நான் எதுவுமே சொல்லித்தரலை.

சிகாகோ பொது நூலகத்துல 2009-ல தொடங்கின யூமீடியாங்கற பதின்வயசுப் பிள்ளைகளுக்கான இடம் இந்த வழியிலதான் போச்சு. மானிடவியல் ஆய்வாளர் மிசுகோ இட்டோ குழுவோட ஆய்வுல, பிள்ளைங்க டிஜிட்டல் கருவிகளோட பழகறதுல மூணு நிலை சொல்வாங்க: சும்மா கூடிக் கிடக்கறது, நோண்டிப் பார்க்கறது, மூழ்கிப் போறது. உங்க சார்ஜர் பையன் முதல் நிலையில இருக்கான். விரட்டிடாதீங்க.

இரண்டுபிள்ளைஅம்மா:
சேமிக்கற வசதி இருக்கா? நூலகக் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணினா எல்லாம் அழிஞ்சிடற மாதிரி வச்சிருப்பாங்களே. என் பொண்ணு பிளெண்டர்ங்கற 3டி மென்பொருள்ல ரெண்டு வாரம் கட்டின வீடு அப்படித்தான் போச்சு. அதுக்கப்புறம் அவ அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலை. பேர் ஒட்டின பென்டிரைவ் ஆளுக்கொண்ணு உங்க மேஜையிலயே இருக்கட்டும்.

பதினாறு:
நான் அந்த வயசுதான். குழந்தைகள் பகுதிக்குப் பக்கத்துல வச்சா வரமாட்டோம். சின்ன நாற்காலி வேற 😑

அலமாரிக்காரி:
அய்யோ, குழந்தைகள் பகுதியிலதான் வச்சிருக்கோம், நாற்காலி உட்பட. சார்ஜர் பையன்கிட்ட இன்னிக்குப் பேசினேன். போன்லயே வீடியோ எடிட் பண்றானாம், சத்தம்தான் சரியா வரமாட்டேங்குதாம். பழைய பத்திரிகை அறைச் சாவி யார்கிட்டன்னு விசாரிச்சுட்டு இருக்கேன்.