நிலமீட்பா, நிலந்திருத்தமா? குவாரிக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். கிராவல் குவாரியில் வேலை பார்ப்பவர்களுக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முன்பாதி, பள்ளத்தின் ஓரம் இடிந்து விழாமல் எப்படித் தோண்டுவது என்பது. பின்பாதி, தோண்டி முடித்த நிலத்தை என்ன செய்வது என்பது. முன்பாதியில் ‘பெஞ்ச்’ (பள்ளத்தின் ஓரத்தில் தட்டுத்தட்டாக வெட்டிவிடுவது) என்ற சொல் இடிக்கிறது, பின்பாதியில் ‘ரெக்லமேஷன்’ (தோண்டிய நிலத்தை மறுபடி பயன்படும்படி ஆக்குவது). இரண்டாவதற்கு இப்போதைக்கு ‘நிலமீட்பு’ என்று போட்டிருக்கிறேன். சிங்கப்பூரில் கடலைத் தூர்த்து நிலம் எடுப்பதற்கும் அதுதானே வழங்குகிறது?
— மொழிபெயர்ப்பாளர்

சிங்கப்பூரில் சரி. இங்கே நிலமீட்பு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பஞ்சமி நில மீட்பு, அடுத்தது ஆக்கிரமிப்பு அகற்றல். குவாரி வாசலில் ‘நிலமீட்புத் திட்டம்’ என்று பலகை வைத்துப் பாருங்கள், அடுத்த நாளே யாராவது பத்திரத்தோடு வந்து நிற்பார்கள்.
— சங்கிலி பிடித்தவன் (முன்னாள் நில அளவர்)

அப்படியானால் ‘நிலந்திருத்தம்’. காடு திருத்திக் கழனியாக்கினார்கள் என்று இன்றும் சொல்கிறோம். பட்டினப்பாலை கரிகாலனைப் பற்றி ‘காடு கொன்று நாடாக்கிக் குளம் தொட்டு வளம் பெருக்கி’ என்கிறது. கொன்று என்பது நமக்கு ஆகாது, ஆனால் ‘குளம் தொட்டு’ என்பதைக் கவனியுங்கள், தொடுதல் என்றால் தோண்டுதல். தோண்டியதைக் குளமாக்கினால் அதுவும் வளம்தான். இன்னொன்று, கையேட்டில் கிராவல் எதற்கு? சரளை இருக்கிறது. சரள் என்பது சரிதல் என்ற வேரிலிருந்து வந்திருக்கும் என்பது என் நெடுநாள் ஊகம், காலடியில் சரிவது சரள். மலையாளத்தில் சரல் என்கிறார்கள்.
— தமிழாசிரியை, பணி ஓய்வு

சரளமாகப் பேசுவதும் காலடியில் சரிவதுதானா டீச்சர்? :)
— சங்கிலி பிடித்தவன்

அது வடசொல். கலக்காதீர்கள்.
— தமிழாசிரியை

சரி, வேலைக்கு வருகிறேன். ‘திருத்தம்’ என்றால் எங்கள் அலுவலகத்தில் பட்டாவில் பெயர் திருத்தம். சீர்திருத்தம் என்று நீட்டினால் நில உச்சவரம்பு, அதற்குத் தனித் துறையே இருந்தது. தமிழில் ‘நிலம்’ என்று தொடங்கும் நல்ல சொல்லையெல்லாம் வருவாய்த்துறை முன்பே பிடித்து வைத்துவிட்டது. நானும் அதில் உடந்தை.
— சங்கிலி பிடித்தவன்

புனர்வாழ்வு, புனரமைப்பு என்று யாரும் தொடங்கும் முன் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் புனர்வாழ்வு என்றால் போருக்குப் பிறகு முன்னாள் போராளிகளை வைத்திருந்த முகாம்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். குழிக்கு அந்தச் சொல் வேண்டாம். மற்றது, எங்கட பக்கம் ‘கிறவல்’ என்றுதான் சொல்வோம். சரளை என்றால் ஆட்களுக்கு விளங்கும், ஆனால் யாரும் சொல்ல மாட்டினம்.
— யாழ்ப்பாணத்திலிருந்து

நான் தமிழ் படித்தவன் இல்லை, 19 வருடமாகக் குவாரியில் மேஸ்திரி. தம்பி சேர்த்துவிட்டதால் இந்தக் குழுவில் இருக்கிறேன். மூன்று விஷயம் சொல்கிறேன்.

பெஞ்சை பெஞ்ச் என்றே போடுங்கள். கிராவல் மாதிரி இளகின மண்ணில் ஓரத்தை 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாக விடக்கூடாது, இல்லாவிட்டால் படிபடியாக வெட்ட வேண்டும், ஒரு படி ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேல் போகக்கூடாது, அகலம் உயரத்தைவிடக் குறையக்கூடாது. 1961 சுரங்க ஒழுங்குமுறையில் இருப்பது இதுதான். ஆனால் நடப்பது என்ன? ஹிட்டாச்சிக்காரர் அடியில் குடைந்து குடைந்து எடுப்பார், மேலே மண் கூரை மாதிரி தொங்கும், மழை பெய்த மறுநாள் மொத்தமாக வந்துவிடும். நான் முன்பு இருந்த ஒரு குவாரியில் டிப்பர் ஓட்டி வந்த பையன் இடுப்புவரை புதைந்து தப்பினான். உங்கள் கையேட்டில் ‘அடியில் குடையாதே’ என்ற இரண்டு சொல் பெரிய எழுத்தில் இருந்தால் போதும், மற்றதை எப்படி எழுதினாலும் சரி.

இரண்டாவது, யாரோ ‘குழி நிரப்பல்’ என்று தனிமடலில் எழுதியிருந்தார். எதை வைத்து நிரப்புவது? எடுத்ததெல்லாம் ரோடு போட லோடு லோடாகப் போய்விட்டது. மிஞ்சுவது மேல்மண் மட்டும். அதை முதலிலேயே சுரண்டித் தனியாக, ரொம்ப உயரமாகக் குவிக்காமல் வைத்திருந்தால், கடைசியில் ஓரங்களைச் சரித்துவிட்டு அதன்மேல் பரப்பிப் புல் விதைக்கலாம். நடுவில் தண்ணீர் நிற்கும், அதைக் குட்டையாக விடலாம். ஓரம் செங்குத்தாக இருந்தால் அந்தக் குட்டையில்தான் பிள்ளைகள் விழுந்து சாகிறார்கள், ஆடுமாடும் ஏற முடியாது. அதனால் சரிப்பதுதான் பாதி வேலை.

மூன்றாவது, இதையெல்லாம் நாங்கள் ‘குழியைச் சரிபண்ணிக் கொடுக்கிறது’ என்போம்.
— மேஸ்திரி

மேஸ்திரி அண்ணன் சொன்னதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வேலை முடிந்ததும் தோண்டிய இடத்தில் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் உயிர்களும் வாழத்தக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. பழைய நிலத்தைத் திருப்பிக் கொடு என்பதல்ல, உயிர் வளரும் நிலையில் கொடு என்பது. அதனால் ‘மீட்பு’ பொருளிலும் பொருந்தவில்லை. ‘நிலம்’ வருவாய்த்துறையிடமே இருக்கட்டும், ‘குழிச் சீரமைப்பு’ என்று போடலாமா?
— மொழிபெயர்ப்பாளர்

எனக்குச் சம்மதம். பெஞ்சும் இருக்கட்டும். ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’, அதாவது காலத்தோடு வழக்கில் வந்துவிட்டால் விலக்க வேண்டிய சொல் என்று ஒன்றில்லை என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார்.
— சங்கிலி பிடித்தவன்

எல்லோரும் ‘கடிசொல் இல்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். ‘காலத்துப் படினே’ என்பதையும் படியுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து படித்த தலைமுறைக்கு அது பலகைதான், மண்ணில் வெட்டியது படி. மேஸ்திரியே தம்மை அறியாமல் ‘படிபடியாக’ என்றுதானே எழுதினார்?
— தமிழாசிரியை

ஆமாம், எழுதிவிட்டேன். படி என்றாலும் புரியும்.
— மேஸ்திரி

மகிழ்ச்சி. இன்றிரவு முடிக்கிறேன்: படி, குழிச் சீரமைப்பு, மேல்மண், கிராவல். அட்டையில் ‘அடியில் குடையாதே’. நன்றி.
— மொழிபெயர்ப்பாளர்

கிராவலுக்கு நான் உடன்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும். திருத்தத்தையும் விடுவதாக இல்லை. குழிச் சீரமைப்பில் ‘ச்’ விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அச்சகத்தில் முதலில் விழுவது அதுதான்.
— தமிழாசிரியை