தோழி தந்த செடியின் பெயர் என்ன?

கேள்வி:
புதுமனை புகுவிழாவுக்குத் தோழி பரிசளித்த தொட்டிச் செடியின் பெயர் அவருக்கும் தெரியவில்லை. தடித்த தண்டுகளின் இருபுறமும் பளபளக்கும் கரும்பச்சை இலைகள் வரிசையாக உள்ளன. மண்ணை விலக்கினால் உருளைக்கிழங்கு போன்ற கிழங்கு தென்படுகிறது. அடியிலைகள் மஞ்சளாவதால் கவலையாக இருக்கிறது.

பதில் 1:
கிழங்கைக் கவனித்தது நல்லதாயிற்று, அதுவே சரியான அடையாளம். இது நர்சரிகளில் ‘இசட் இசட் பிளான்ட்’ என்று விற்கப்படும், கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சாமியோகுல்காஸ். கிழங்கிலேயே நீரைச் சேமித்துக்கொள்வதால், தொட்டி மண் முழுதும் காய்ந்த பின்பே நீர் ஊற்றுங்கள். இலை மஞ்சளாவது பெரும்பாலும் நீர் மிகுதியால்தான்.

பதில் 2:
தொட்டியின் அடியில் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். கிழங்கு கொழகொழவென்றிருந்தால் அப்பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, மணல் கலந்த மண்ணில் மாற்றி நடுங்கள்.

பதில் 3:
குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த இதில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால், கடித்தால் வாய் எரியும்.