மேம்பட்ட ஓட்டுநர் பயிற்சி: நெடுஞ்சாலைக்கு உண்மையில் உதவுமா?

கேள்வி – வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். உரிமம் பெற்றுப் பல ஆண்டுகளாகக் கார் ஓட்டி வருகிறேன். பணியிட மாற்றத்தால் இப்போது மதுரைக்கும் சென்னைக்கும் இடையே அடிக்கடி, அதுவும் பெரும்பாலும் இரவில், ஓட்ட வேண்டியிருக்கிறது. வலது தடத்தை விடாமல் ஊர்ந்து செல்லும் லாரி, மீடியன் இடைவெளியில் திடீரெனக் குறுக்கிடும் பைக், தவறான திசையில் விளக்கில்லாமல் வரும் டிராக்டர் ஆகியவற்றை எப்படி எதிர்கொள்வது என்று ஆர்.டி.ஓ. தேர்வுக்கு முன்போ பின்போ யாரும் கற்றுத் தந்ததில்லை. கோவை செட்டிபாளையத்தில் உள்ளதைப் போன்ற பந்தயத் தடங்களில் நடத்தும் ஒருநாள் பயிற்சிக்குச் சேரலாமா என்று யோசிக்கிறேன். கட்டணம் குறைவில்லை என்பதால், விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் – நொய்யல்

தாராளமாகச் சேருங்கள். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களுக்கு, பிரேக் அழுத்தும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் என்றாலும், அது வேலை செய்வதைக் காலால் உணர்ந்தவர்கள் மிகக் குறைவு. நான் போன பயிற்சியில், தண்ணீர் விட்டு நனைத்த தளத்தில் 60 கி.மீ. வேகத்தில் வந்து பிரேக்கை முழு பலத்துடன் மிதிக்கச் சொன்னார்கள். பெடல் தடதடவென்று காலை உதறியதும், ஏதோ உடைந்துவிட்டது என்று எண்ணிப் பலரும் காலை எடுத்துவிட்டார்கள். எடுக்கவே கூடாது, மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பித் தடையைச் சுற்றிப் போக முடியும், ஏ.பி.எஸ். இருப்பதே அதற்காகத்தான். இருக்கையில் முதுகு ஒட்டியிருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியைத் தொட வேண்டும் என்பதையும் அங்கேதான் அறிந்தேன். அன்று வந்தவர்களில் பெரும்பாலோர் இருக்கையை முன்னுக்கு நகர்த்த வேண்டியிருந்தது.

பதில் – கூவம்கரையான்

நொய்யல் அவர்கள் சொன்ன பிரேக் அனுபவத்தின் மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அதனால் விபத்து குறையும் என்று நம்புவதற்கு ஆதாரம் மெலிவானது. உரிமம் பெற்ற பிறகு அளிக்கப்படும் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளை, பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவற்றை, 2003-ல் தொகுத்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, அவை விபத்தையோ காயத்தையோ தடுக்கின்றன என்பதற்குச் சான்று இல்லை என்றே முடித்தது. நார்வேயில் வழுக்குத் தளப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய பின் இளம் ஆண்களின் விபத்துகள் கூடவே செய்தன. வண்டி கைக்குள் இருக்கிறது என்ற துணிச்சல் வந்துவிட்டால், முன்பு தயங்கிய இடத்திலும் வேகமாகப் போகத் தோன்றும். அதுதான் காரணம் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கருதினார்கள்.

கணக்கையும் பாருங்கள். 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால் 33 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நிற்க ஏறத்தாழ இன்னும் 35 மீட்டர். டிப் விளக்கில் (ஒளியைத் தாழ்த்தி) ஓட்டும்போது அவ்வளவு தூரம் பெரும்பாலும் தெளிவாகத் தெரிவதில்லை. இரவில் அந்த டிராக்டரிடமிருந்து உங்களைக் காப்பது வேகத்தைக் குறைப்பதுதான். எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

பதில் – லெஸ்டர் தமிழன்

இங்கிலாந்தில் 1956-ல் தொடங்கிய ஐ.ஏ.எம். என்ற மேம்பட்ட ஓட்டுநர் பயிற்சி அமைப்பின் வழியே நான் பயின்றேன். வழுக்குத் தளமோ பந்தயத் தடமோ அதில் இல்லை. தன்னார்வலர் ஒருவர் பக்கத்து இருக்கையில் அமர, வழக்கமான சாலைகளில், நம் வண்டியிலேயே ஓட்ட வேண்டும். கடைசித் தேர்வை நடத்துபவர் காவல் துறையின் உயர்நிலை ஓட்டுநர் பயிற்சி பெற்றவர்.

எனக்கு மிகவும் பயன்பட்டது, கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டும் பயிற்சி. நம்மூர்ச் சாலை என்றால் இப்படி இருக்கும்: "முன்னால் பேருந்து, இடப்பக்க இண்டிகேட்டர் எரிகிறது, இறங்குபவர் பேருந்தின் முன்புறமாகக் கடக்கக்கூடும், கண்ணாடியில் பின்னால் ஒரு பைக் ஒட்டி வருகிறது, ஆகவே இப்போதே ஆக்சிலரேட்டரை விடுகிறேன்." முதலில் கூச்சமாக இருக்கும், மனைவி சிரித்தார். ஆனால் பேச வேண்டும் என்பதற்காகவே கண் தொலைவைத் தேடத் தொடங்குகிறது. எதைக் கவனிக்காமல் விடுகிறோம் என்பதும் பக்கத்தில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. தெளிவாகத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் மட்டுமே ஓட்ட வேண்டும் என்பது இங்கே அடிப்படை விதி. கூவம்கரையான் போட்ட கணக்கு அதையேதான் சொல்கிறது. உலர்ந்த சாலையில் முன்வண்டிக்கு இரண்டு நொடி இடைவெளி, மழையில் அதன் இருமடங்கு. நம்மூரில் அந்த இடைவெளியில் ஒரு ஷேர் ஆட்டோ புகுந்துவிடும் என்பது தெரியும்; புகுந்தால் மறுபடியும் பின்வாங்க வேண்டியதுதான்.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. தடப் பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். என் காரிலேயே, இருட்டிய பிறகு, மேலூரிலிருந்து துவரங்குறிச்சி வரையாவது பக்கத்தில் அமர்ந்து வரக்கூடிய பயிற்றுநரைத்தான் முதலில் தேட வேண்டும் என்று தோன்றுகிறது. நிறுவன ஓட்டுநர்களுக்குத் தற்காப்பு ஓட்டுதல் வகுப்பு எடுப்பவர்கள் தனியாருக்கும் வருவார்களா? மதுரை, திண்டுக்கல் பக்கம் யாரையேனும் அறிந்தவர்கள் தனிச்செய்தியில் தெரிவிக்கவும்.